காற்றில்லாமல் சுற்றிய காற்றாலை

'வாழை இலை அசையவில்லை. கொடியில் காயும் வேட்டி அசையவில்லை. இது மட்டும் எப்படிச் சுற்றுகிறது?'

கஸ்தூரி வாய்விட்டுக் கேட்கவில்லை. மலேசியாவின் குளுவாங்கில் ஒரு தாமான் குடியிருப்புக் கோயில் முன் முந்நூறு பேர் கைகூப்பி நிற்கும்போது கேள்வி கேட்டால் தனியாகிவிடுவோம். அவள் லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான். மின்சாரத்துக்குப் பயமில்லை, தனிமைக்குப் பயம்.

மண்டபக் கூரையில் சின்னக் காற்றாலை. இறக்கைக்கு ஓர் எலுமிச்சம்பழம். கீழே மான்தோலில் வாயுச்சாமி ஹேமநாதன். மூன்று முறை ஊதினார், சுற்றியது. சாமிக்கு மூச்சு வாங்கியது. காற்றாலைக்கு வாங்கவில்லை.

"வீட்டுக்கு ஒண்ணு வெச்சிக்குங்க! மிச்சக் கரண்டு ஊர்க் கம்பிக்குப் போகும். ஊரே இருட்டானாலும் உங்க வீடு இருட்டாகாது!" என்றார் சாமி.

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கணவர் ஆக்சிஜன் மெஷினில் மூச்சு விடுகிறவர்.

"இனிமே கரண்டு போனா பயமில்லலா. மெஷினுக்கு வெச்சிருக்கற பெரிய பேட்டரிய வித்துடப் போறேன்."

கஸ்தூரி மறுபடியும் வாழை இலையைப் பார்த்தாள்.

கோயில் தலைவர் உலகப்பன் காற்றாலைக்கான சான்றிதழ்ப் பாரத்தை நீட்டினார். "சோதிச்சுப் பார்த்தேன்னு ஒரு கையெழுத்து போடும்மா."

"சோதிச்சிட்டே சொல்றேன் அண்ணே."

போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கி அடங்கியது. காற்றாலையும் சோர்ந்து நின்றது. ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது.

"அலமாக்!" என்று பதறியது கூட்டம்.

"பொம்பள தொட்டா வாயு பகவானுக்குக் கோவம்!" சாமி அலறினார்.

மேலே தள்ளினாள். சுற்றியது. கீழே. நின்றது. மறுபடி மேலே. சுற்றியது.

"என்ன சாமி, கோவம் வந்து வந்து போவுது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இது கரண்டு தரல, தின்னுது," என்றாள் கஸ்தூரி. "உள்ள மோட்டார் இருக்கு. கம்பியோட சேர்த்தா நெசமான காத்தாலையே ஊர்ல கரண்டு போனதும் நின்னுடும். நிக்காட்டி கம்பி ரிப்பேர் பண்றவனுக்கு ஷாக் அடிக்கும். பேட்டரிய விக்காதீங்கக்கா."

தனலெட்சுமி போய் மான்தோலைப் பிடித்து இழுத்தாள். சாமி ஒரு பக்கம் சாய்ந்தார். அடியில் ஒரு சுவிட்ச்.

கூட்டம் கலைந்தது. சோலாருக்கு மந்திரிக்கும் சாமி யாராவது இருக்கிறாரா என்று இருவர் விசாரித்துக்கொண்டே போனார்கள். தலைக்குமேல் சுற்றுவதைக் கும்பிடும்முன் பக்கத்து இலையை ஒருமுறை பாருங்களேன், ஐயா. அதற்கு லைசென்ஸ்கூட வேண்டாம்.

உலகப்பன் குரலைத் தாழ்த்தினார். "நாப்பது வீட்ல பேர் குடுத்துட்டாங்க. கோயில் மானம் போயிடும். நின்னது ஃபியூஸ் கோளாறுன்னு எழுதி, கையெழுத்து மட்டும் போட்டுடும்மா."

கஸ்தூரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினாள். வெற்றுப் பாரத்தை அவர் கையிலேயே வைத்தாள்.

"வேணாம் அண்ணே."