அட்வெர்ப் ஸ்டாக்கில் உண்டு

சீட்டில் 'பார்ட்ஸ்' என்று பார்த்ததுமே, வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் முனிகிருஷ்ணன். மீதியைப் பிறகுதான் படித்தார்: பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், எட்டு.

பொம்மனஹள்ளியில் அந்தப் பம்ப் கம்பெனியின் ஸ்டோர் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. ஸ்பீச் என்று ஒரு மெஷினை அவர் கண்டதில்லை. ஆனால் 'இல்லை' என்று எழுத வழியில்லை. இன்னொரு சீட்டு அப்படித் திரும்பினால் ஸ்டோர் காண்ட்ராக்டுக்குப் போகும், அவர் வாசல் காவலுக்குப் போவார் என்று புது மேனேஜர் ஹரிஷ்குமார் சொல்லியிருந்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் டிரேவருக்குப் போன் போட்டார். டிரேவரும் 'இல்லை' சொல்லும் ஆளில்லை.

"ஜெர்மனா, சைனாவா மேன்?"

"ஜெர்மன்தான்."

"அப்போ ஆறு வாரம் ஆகும்."

மேனேஜரிடம் அதை அப்படியே ஒப்பித்தார். ஆறு வாரமெல்லாம் முடியாது, வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன் என்றுவிட்டார் அவர்.

கடைசியில் சீட்டு எழுதிய ஜோசஃபினையே பிடித்தார். தொழிலாளிகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவர். சுவரில் மாட்ட ஒரு சார்ட் கேட்டிருந்தார், 'சார்ட்' என்ற சொல்லை மட்டும் எழுத மறந்திருந்தார். எட்டுக்கும் பெயர் என்ன மேடம் என்று முனிகிருஷ்ணன் கேட்டதும், ஒரு மனிதருக்காவது இலக்கணத்தில் அக்கறை இருக்கிறதே என்று பூரித்துப்போய் ஒன்றுவிடாமல் சொன்னார். முனிகிருஷ்ணன் அதைத் தமிழில் எழுதிக்கொண்டு ரேக்குகளுக்குள் நுழைந்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு தட்டு வந்து இறங்கியது. எட்டு இரும்புச் சாமான், எட்டிலும் பெயர் எழுதிய சீட்டு. ஜோசஃபின் தட்டுக்கு அடியில் சார்ட்டைத் தேடினார். மேனேஜர் கைகட்டி நின்றார்.

"விளக்குங்க" என்றார்.

முனிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "நவுன், நட்டு சார். ப்ரோநவுன், அந்த நட்டு இல்லாதப்ப அதுக்குப் பதிலா போடற நட்டு. கன்ஜங்ஷன், ரெண்டு பைப்பைச் சேர்க்கற கப்ளிங். வெர்ப், வால்வு. அதில்லாம ஒண்ணும் ஓடாது."

மூன்று பரீட்சையில் முட்டை வாங்கிய டர்னர் பழனிச்சாமி எழுந்தார். "அண்ணே, அப்ப அட்வெர்ப்?"

"வால்வு மேல இருக்குற திருகுப்பா. வேகமா, மெதுவாங்கறதை அதான் சொல்லும்."

"இவ்ளோதானா? இதையா ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்காங்க?"

அன்றைய பரீட்சையில் முப்பத்தொரு பேரும் பாஸ். ஜோசஃபின் தட்டைக் கும்பிடாத குறை. முனிகிருஷ்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஷாப் ஃப்ளோரை ஒரு சுற்று வந்தார்கள். ஸ்டோர் இனி அவரிடமே இருக்கும் என்று மேனேஜர் அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

பிறகு அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"ஹெட் ஆஃபீஸுக்கு இது போகக் கூடாது, முனிகிருஷ்ணன். நாளைக்கு அங்க எனக்கும் இதே பரீட்சை. அந்த அட்வெர்ப்பை வலது பக்கம் திருகணுமா, இடது பக்கமா?"