பனிமலைக்கு ஒப்பாரி

"நேத்து சாயங்காலம் என் தோள் உயரம் இருந்துச்சே!" என்றான் ஜபார்.

"இப்ப உங்க முழங்கால் உயரம் இருக்கு," என்றாள் ஜூரா. "நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்குக் குனிஞ்சிருக்கும்."

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நின்று, தங்கள் பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்கழிக் குளிரில் ஜபார் தன் கையால் வளர்த்த மலை அது. மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, அதை நட்டுவைத்து, தண்ணீரை ஆகாயத்தைப் பார்த்துப் பீய்ச்ச விட்டான். விழுந்த துளியெல்லாம் உறைந்து உறைந்து, பள்ளிவாசல் கூரையைவிட உயரமாக எழும்பி நின்றது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் கல்யாணமான ஜோடிகள் எல்லாம் அதன் முன்னால் நின்றுதான் படம் பிடித்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் ஜபார் நடந்த நடையே வேறு.

இப்போது ஜூன் பிறந்துவிட்டது.

எங்கள் ஊர் இருக்கும் இடம் அப்படி. எந்தக் கடலில் புறப்பட்ட மேகமும் இங்கே வந்து சேர்வதற்குள் வழியிலேயே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வரும் சொந்தக்காரனைப் போல வந்து நிற்கும். கீழே பர்கானா சமவெளியில் பாலைவன வெயில். மேலே சிகரத்தில் இருந்த நிஜப் பனியாறோ வருஷா வருஷம் பின்னால் நகர்ந்து பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. நடுவில் நாங்கள், வறண்ட ஓடையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு.

அந்த நேரத்தில்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தண்ணீர் அதிகாரி போன் செய்திருந்தார்.

"நாளைக்கு உங்க பனிமலையைப் பாக்க வர்றேன். நல்லா வேலை செஞ்சிருந்தா, வீட்டு வாசல் வரைக்கும் குடிதண்ணிக் குழாய் போட்டுத் தர்றோம். ஏகப்பட்ட ஊர் கேக்குது. ஒரு ஊருக்குத்தான் குழாய் இருக்கு."

ஜபாருக்குக் குழாய் வேண்டும். ஊருக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் ஜூராவின் முழங்காலுக்காகத்தான். தண்ணீர் கேனோடு பனியில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து அவள் நொண்டுகிறாள். பனிமலைக்கு இழுத்த இரவல் குழாய் திரும்பிப் போய்விட்டதால், இப்போதும் தினமும் ஊற்றுக்கு ஏறித்தான் ஆகவேண்டும். இறங்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது ஜபாருக்கு வீட்டுக்குள் இருந்தாலும் கேட்கும். கேட்கவே கூடாது என்று வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வான்.

"நாளைக்கு ஒரு நாள் நின்னா போதும்," என்றான். "ஒரே ஒரு நாள்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மம்பெத்தின் தலை எழும்பியது. மம்பெத் பக்கத்து வீட்டுக்காரன். யோசனை சொல்வதில் கர்ணன்.

"வைக்கோலைப் போட்டு மூடுங்கண்ணே. வெயில் உள்ள போகாது."

நல்ல யோசனைதான். ஜபார் பரணில் இருந்த வைக்கோலை ஒரு துரும்பு விடாமல் வாரிக்கொண்டு வந்து மூடினான். மூடிவிட்டு ஒரு கிண்ணம் தேநீர் குடிக்க உள்ளே போனான். திரும்பி வந்து பார்த்தால், ஊரில் உள்ள ஆடு மாடெல்லாம் விருந்துக்கு வந்திருந்தன. வைக்கோலைத் தின்று முடித்ததோடு நிற்கவில்லை. வயிறு நிறைந்த சுகத்தில், கீழே ஜில்லென்று இருக்கிறதே என்று பனிமேலேயே படுத்துவிட்டன. ஒவ்வொன்றின் வயிற்றுச் சூட்டிலும் பனி கரைந்து ஓடியது. மம்பெத்தின் சினைப்பசுவை எழுப்ப ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

"உன் பசுதான்டா அதிகமாத் தின்னுச்சு!"

"அது இப்ப ரெண்டு உயிருக்குத் தின்னுதுண்ணே, அதைப் போய்க் கண்ணு வைக்காதீங்க," என்றான் மம்பெத். "சரி, இதைக் கேளுங்க. இறைச்சி கெடாம இருக்க நாம என்ன பண்றோம்?"

"உப்புப் போடுறோம்."

"அப்புறம் என்ன முழிக்கிறீங்க?"

ஜபார் ஒரு கணம்தான் யோசித்தான். அந்தக் கணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். மாட்டுக்கு வைக்கும் உப்புக்கட்டியை உடைத்துப் பொடியாக்கி, மிச்சமிருந்த பனிமேல் தாராளமாகத் தூவினான். சட்டியும் கையுமாக வந்த ஜூரா அப்படியே நின்றாள்.

"ஏங்க, குளிர்காலத்துல வாசப்படியில பனி உறைஞ்சா, அதைக் கரைக்க நான் என்ன போடுவேன்?"

ஜபாரின் கை அந்தரத்தில் நின்றது.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முன்னாடி என்கிட்டயா யோசனை கேட்டீங்க? வேலிகிட்டல்ல கேட்டீங்க!"

பனி பொசபொசவென்று கஞ்சியாகிக்கொண்டிருந்தது. உப்பு வாசனை பிடித்த ஆடுகள், காலையில் வராத சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. பொழுது சாய்வதற்குள் பனிமலை என்ற பெயருக்கு மிச்சமிருந்தது ஒரு தலையணை அளவு. அதையும் ஒரு கிழ ஆடு கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது.

ஜபார் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஜூராவும் காலை நீட்டி மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுங்க," என்றாள். "என் முழங்காலுக்கு மலை ஏறிப் பழகிப்போச்சு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. விருட்டென்று எழுந்தான்.

"பனி இல்லாட்டி என்ன? போர்வை இருக்குல்ல!"

"போர்த்த ஆள் இல்லாம போர்வை எதுக்கு?"

ஜபார் கொட்டகையில் கிடந்த பழைய கூடாரத்தின் மரச்சட்டங்களை இழுத்துப் போட்டான். மம்பெத்தும் அவனுமாகச் சேர்ந்து, பனி இருந்த இடத்தில் அதை வட்டமாக நட்டு, உச்சியில் ஒரு கம்பைச் செருகினார்கள். வீட்டில் இருந்த வெள்ளைக் கம்பளிகளை எல்லாம் இழுத்துப் போர்த்தினார்கள். ஜூரா சீதனமாகக் கொண்டுவந்த கம்பளியும் போனது. பார்த்தால், உள்ளே பெரிய பனிமலை பத்திரமாகத் தூங்குகிறது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"அதிகாரி திறந்து பாக்கணும்னா?" என்றாள் ஜூரா.

"திறந்தா வெயில் பட்டுக் கரைஞ்சுடும்னு சொல்லிடுவேன்."

மறுநாள் காலையில் வெள்ளை வெளேரென்று அது சரிவில் நின்ற அழகைப் பார்த்து ஜபாருக்கே அது நிஜம் என்று தோன்றியது. கீழ்ச்சாலையில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பாவி, ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். மேய்ச்சல் மலையில் கூடாரம் நின்றால், அது கோடைக்காலம். ஊருக்குள், வீட்டை ஒட்டி, ஒரே நாளில் கூடாரம் முளைத்தால், அந்த வீட்டில் இழவு.

முதலில் வந்தவர் கீழூர் சாபிர். குதிரைமேல் இருந்தபடியே, தெருமுனையிலேயே குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, என் தங்கமே! இப்படி விட்டுட்டுப் போயிட்டியே!"

இறங்கி ஓடிவந்து ஜபாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சாபிரண்ணே, ஒண்ணும் ஆகல, இங்க வந்து..."

"பேசாதே! அழு! அடக்கி வச்சா நெஞ்சு அடைச்சுக்கும்!"

யார் செத்தது என்று அழுது முடித்த பிறகுதானே கேட்க முடியும். அதற்குள் அவருக்குப் பின்னால் இன்னும் நாலு குதிரை, ஒரு டிராக்டர் நிறையப் பெண்கள். பெண்கள் நேராகக் கூடாரத்துக்குள் போகத்தான் வருவார்கள். ஜபார் ஓடிப்போய்க் குறுக்கே கையை விரித்து நின்றான்.

"உள்ள போகாதீங்க! கரைஞ்சுடும்!"

"பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சு," என்று அவனை அணைத்து நகர்த்திவிட்டு, பெண்கள் கம்பளியை விலக்கிக்கொண்டு நுழைந்தார்கள். உள்ளே ஒரே சேறு. அந்தச் சேற்றிலேயே வரிசையாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பாவாடை நனைந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"நமக்கு முன்னாடி வந்தவங்க இவ்வளவு அழுதிருக்காங்களே!"

ஜபார் அடுப்படிக்கு ஓடினான்.

"ஜூரா, இவங்களை எப்படியாவது அனுப்பி வை!"

"சாப்பாடு போடாமலா? இழவுக்கு வந்தவங்களைப் பட்டினியா அனுப்பினா, நாளைக்கு நாம நிஜமாவே செத்தாக்கூட ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். ஆட்டைப் பிடிங்க!"

ஆட்டை அறுத்தார்கள். உப்பு நக்கின அதே கிழ ஆடு என்பதில் ஜபாருக்கு ஒரு சின்னத் திருப்தி. அண்டா ஏறியது. ஜூரா மாவைப் பிசைந்து எண்ணெயில் பொரிக்க ஆரம்பித்த நேரத்தில், சேதி எப்படியோ எட்டி, ஜூராவின் அப்பா கல்மத் கழுதைமேல் வந்து சேர்ந்தார். தாடியெல்லாம் கண்ணீர்.

"ஐயோ, என் மகளே! ஜூரா!"

"என்னப்பா?" என்றாள் ஜூரா, கரண்டியோடு.

கல்மத் அவளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்ப, மாப்பிள்ளையா?"

"வாங்க மாமா," என்றான் ஜபார்.

தெளிவு போய்விட்டது.

"ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்க! அப்ப ரெண்டு மலை தாண்டி நான் யாருக்குடா அழுதுட்டு வந்தேன்?"

ஜபார் வாயைத் திறந்தான். அதற்குள் கீழே ஒரு வேன் வந்து நின்றது. தண்ணீர் அதிகாரி வந்துவிட்டார்.

அவர் பெயர் பெக்தூர். காலில் தலைநகரத்து ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. ஆனாலும் எங்களைப் போல மலைப்பக்கம், நரினில் பிறந்து வளர்ந்த ஆள். கூடாரத்தைப் பார்த்தார், ஒப்பாரியைக் கேட்டார். பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு ஆண்பிள்ளை செய்யவேண்டியதைச் செய்தார். சரிவின் அடியிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு ஏறிவந்தார்.

ஜபாரைக் கட்டிக்கொண்டார். உட்காரவைத்தார்கள். இறைச்சித் தட்டு வந்தது. சாவு வீட்டில் பனிமலையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவர் தவித்தார். அதை அவர் கேட்டுவிடுவாரோ என்று ஜபார் தவித்தான்.

"ரொம்ப நாளா முடியாம இருந்தாங்களா?" என்றார் பெக்தூர்.

"இல்லீங்கய்யா," என்றான் ஜபார். பொய் சொல்ல வரவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு. வெயில் தாங்கல."

"வெயிலா! என்ன வயசு?"

"போன மார்கழியிலதான் பொறந்துச்சு."

"ஐயோ, பச்சைக் குழந்தையா!"

பெக்தூர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். இது சம்பிரதாய அழுகை இல்லை. உடம்பெல்லாம் குலுங்கியது. தனக்கும் கைக்குழந்தை ஒன்று இருப்பதாக இடையில் சொன்னார்.

அந்தக் கண்ணீரை ஜபாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நல்ல மனுஷனை இப்படி அழவைத்துக் குழாய் வாங்கினால் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குமா? எழுந்து போய்க் கூடாரத்துக் கம்பளியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தான். மரச்சட்டமும் சேறும் அதில் உட்கார்ந்திருந்த பெண்களும் தெரிந்தார்கள்.

"யாரும் சாகலீங்கய்யா. பனிமலைதான் போயிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் நிக்கணும்னு வைக்கோல் போட்டேன், மாடு தின்னுச்சு. உப்புப் போட்டேன், எல்லாம் கரைஞ்சு ஓடிடுச்சு. உங்களை ஏமாத்தத்தான் இதைக் கட்டினேன். என் பெண்டாட்டிக்கு முழங்கால் போச்சுங்கய்யா, இனிமேலும் அவ மலை ஏறக் கூடாதுன்னுதான்... தப்புத்தான். மன்னிச்சுடுங்க."

ஒப்பாரி டக்கென்று நின்றது. சாபிர் வாயில் வைத்த இறைச்சியை மெல்லாமல் இருந்தார். மம்பெத்தின் தலை வேலிக்குக் கீழே இறங்கியது.

பெக்தூர் கூடாரத்துக்குள் போய்ச் சேற்றைப் பார்த்தார். வெளியே வந்து, கரைந்த தண்ணீர் ஓடின தடத்தைப் பார்த்துக்கொண்டே சரிவின் ஓரமாகக் கொஞ்ச தூரம் கீழே நடந்து போனார். திரும்பி வந்தார், விடைபெறும் வழக்கப்படி இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பிரார்த்தித்தார், நேராக வேனில் போய் ஏறிக்கொண்டார்.

போச்சு. எல்லாம் போச்சு. ஜபார் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இத்தனை பேர் பார்க்க ஜூரா நொண்டிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கல்மத்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

டிரைவர் மட்டும் இன்னும் வேனுக்குப் போகவில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்று மிச்ச இறைச்சியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே இப்படி நிக்கிறீங்க?" என்றான், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "காலையிலேருந்து பாத்த ஊர்லயெல்லாம் கம்பளியைப் போர்த்தி ஒரு சொட்டுக்கூடக் கரையவிடாம வச்சிருக்காங்க, வயலெல்லாம் காஞ்சு கிடக்கு, பனி கரைஞ்சு தண்ணி குடுத்த ஊருக்குத்தான் குழாய்னு ஐயா தேடிக்கிட்டு வர்றாரு, இதுவரைக்கும் கரைஞ்சது உங்களுது ஒண்ணுதான்!"