சித்தப்பாவின் வாயை மூடியவர்

குடும்ப வரலாற்றுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் சொந்தத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

உயிரோடு இருக்கும் உறவினர்களோடு இவருக்கு அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வரப்புத் தகராறோ, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காத மனக்குறையோ ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் அந்த உறவினர் கண்ணை மூடட்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் பேருந்தில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே சுவரில் மாட்டியிருக்கும் படங்களை எண்ணி, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் இறந்தவர் பிறந்தது எந்த வருடம் என்று அவருடைய மனைவியோடேயே தர்க்கம் செய்து, அந்த அம்மாளைத் தோற்கடித்துவிட்டுத்தான் கை கழுவ எழுந்திருப்பார்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. நீங்க அவரோட குடும்பம் நடத்துனவங்க. நான் விசாரிச்சவன்."



எங்கள் பஞ்சநாதன் இந்த இனத்தில் முதல் தரம். சுரக்குடியில் பிறந்து, காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கோப்புகளுக்கு நாடா கட்டி, ஓய்வு பெற்றபின் பக்கத்திலேயே தருமபுரத்தில் வீடு எழுப்பிக் குடியேறியவர். அவர் மனைவி அன்னபூரணிக்கு நான் ஒன்றுவிட்ட தம்பி. ஆகவே அவர் எனக்கு அத்தான். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே அத்தானுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. கட்டுவதற்குக் கோப்பு இல்லை. கிடைத்தவர்கள், செத்துப்போன சொந்தக்காரர்கள்.

1984இல் அவர் தம்முடைய அறுபதாம் கல்யாணத்தன்று வெளியிடுவதற்காக 'முன்னோர் நினைவு மலர்' ஒன்று தயாரிக்கப் புறப்பட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தேடி நகராட்சிக்கு அலைந்தார். வீடு வீடாகப் போய் "ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தார். மக்கள் சொன்னார்கள். பாட்டனார் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு மாடு மிரளும் என்று ஒருவர் சொன்னார். அத்தை சண்டை போட்டுக்கொண்டு பிறந்தகம் போகும்போதெல்லாம் ஊறுகாய் ஜாடியையும் தூக்கிக்கொண்டு போவாள் என்று ஒருத்தி சொன்னாள். எல்லாவற்றையும் அத்தான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி, "நல்லது. இதெல்லாம் பதிவு பண்ண வேண்டாம்" என்பார். பிறகு வீட்டுக்கு வந்து, பாட்டனார் 'அமைதியே உருவானவர்' என்றும், அத்தை 'புகுந்த வீட்டின் விளக்கு' என்றும் எழுதிக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு நாள் சித்தப்பா நீலகண்டனின் முறை வந்தது.

நீலகண்டன் அத்தானின் அப்பாவுக்குத் தம்பி. சுரக்குடியில் ஒரு வேலி நிலத்தில் பங்கும், ஒரு ஜோடி மாடும், ஒரு பார வண்டியும் வைத்திருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சில் 'போன்சூர் முசே' என்ற வணக்கம் தெரியும். அதையும் போலீஸ்காரருக்கு மட்டுமே உபயோகித்தார். சாயங்காலம் ஆனால் கள்ளுக்கடை. மேல்வரிசையில் ஒரு முன்பல் கிடையாது. அந்தச் சந்து வழியாகச் சீட்டியடித்தால் மாடு இரண்டும் தாமாகவே வீட்டுப் பக்கம் திரும்பும்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்து, காரைக்காலில் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் உறவுமுறை எவ்வளவு நெருக்கமாக இருந்தது தெரியுமா? மாயவரத்திலிருந்தும் பொறையாரிலிருந்தும் சனிக்கிழமை தவறாமல் யாராவது ஒருவர் "சித்தப்பாவைப் பார்க்கணும்போல இருந்துச்சு" என்று காரைக்காலுக்கு வந்து இறங்குவார். பாசம் என்றால் அப்படியொரு பாசம். திரும்பும்போது அவரால் நிற்க முடியாது. சித்தப்பா அவரை வண்டியில் கிடத்தி, மேலே வைக்கோலைப் பரப்பி, எல்லையிலுள்ள நண்டலாற்றுப் பாலத்தைப் போலீசுக்குத் தெரியாமல் தாண்டி அவர் வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டு வருவார். ஒருவரையும் காட்டிக் கொடுத்ததில்லை. 1980இல் அவர் இறந்தபோது அழுத ஆண்களில் பாதிப் பேர் வைக்கோலுக்கு அடியில் பயணம் செய்தவர்கள்.

அவருக்கு ஒரே மகள், கல்யாணசுந்தரி. அத்தானுக்குத் தங்கை முறை. கணவரை இழந்தவள், நிலத்தைத் தானே நின்று பார்ப்பவள். அத்தான் நோட்டோடு வந்ததும் பாய் விரித்து, மோர் கொடுத்து, ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா கடைக்குப் போயிட்டு வர்றப்ப எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வேட்டி மடிப்புல சொருகிட்டு வருவாருண்ணே. வழியில எங்கயாவது விழுந்து எந்திரிச்சிருப்பாரு. மிட்டாய் பூரா மண்ணா இருக்கும். வாசல்ல குந்திக்கிட்டு ஒவ்வொண்ணா ஊதி ஊதிக் குடுப்பாரு. இப்பவும் கடலை மிட்டாயில மண்ணு இல்லாட்டி எனக்கு ருசிக்க மாட்டேங்குதுண்ணே."

அத்தான் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று பிற்பாடு மலரில் பார்த்தேன்: 'குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கி மகிழ்ந்த வள்ளல்.'

"படம் ஏதாச்சும் இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது. 1958 மாங்கனித் திருவிழாவில், கூடாரம் போட்டிருந்த படக்காரரிடம் எடுத்தது. அதில் சித்தப்பாவும் அவருடைய சிநேகிதர் சேக் அலாவுதீனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். சித்தப்பா வாயை முழுக்கத் திறந்து, பல் போன சந்து தெரிய, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சுந்தரி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

"எங்கிட்ட வேற இல்லண்ணே. பத்திரம்."

"ஒரு வாரம். பெரிசு பண்ணிட்டு, அப்படியே கொண்டாந்து தர்றேன்."

ஒரு வாரத்தை நீட்டத் தெரியாதவர் வரலாற்றுக்காரரே அல்ல. ஆடியில் போன படம் தையிலும் வரவில்லை. சுந்தரி இரண்டு தடவை தருமபுரம் போய்க் கேட்டாள். "அச்சகத்தில் இருக்கு" என்றார். மூன்றாம் தடவை, "உனக்கு வரலாற்று உணர்ச்சியே இல்லியே சுந்தரி" என்று வருத்தப்பட்டார். அக்கா அன்னபூரணி அவளை வாசல்வரை கொண்டுவந்துவிட்டு, "இந்த மனுசன் எங்கப்பா படத்தை வாங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. நான் இதே வூட்லதான் இருக்கேன். எனக்கே குடுக்கல" என்றாள்.

1985 வைகாசியில் காரைக்காலில் ஒரு மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மலர் வெளியீடு. அட்டையில் எந்த முன்னோர் இருந்தார்கள் என்கிறீர்களா? பஞ்சநாதன் இருந்தார். மாலையோடு.

எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். மண்டபத்தில் பக்கம் புரளும் சத்தம். எல்லோரும் அவரவர் அப்பாவைத் தேடினார்கள். நானும்தான். என் அப்பா 'நேர்மையின் சிகரம்' என்று போட்டிருந்தது. என் அப்பாவை எனக்குத் தெரியும். இருந்தாலும் படிக்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு முன் வரிசையில் சுந்தரி. அவளுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. அவளுடைய மகள் அல்லி, பள்ளிக்கூட ஆசிரியை, தாழ்ந்த குரலில் வாசித்தாள்.

"'திருவாளர் நீலகண்டன் அவர்கள் தமிழும் பிரெஞ்சும் துறைபோகக் கற்றவர். மதுவை மனத்தாலும் தீண்டாதவர். அவர் வாய்விட்டுச் சிரித்து எவரும் பார்த்ததில்லை.'"

"யாரைப் பத்திடி இது?" என்றாள் சுந்தரி.

"தாத்தாவப் பத்திதாம்மா."

"படத்தைக் காட்டு."

படத்தில், நெற்றியில் மூன்று கோடு விபூதியும், கோட்டும், கையில் தடித்த புத்தகமுமாக ஒரு பெரியவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில், அலாவுதீன் நின்ற இடத்தில், கொடி சுற்றிய ஒரு தூண். படம் வரைந்தவர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் மறந்திருந்தார். பெரியவரின் தோளில் நான்கு விரல்கள் அப்படியே இருந்தன. தூணிலிருந்து நரசிம்மம் புறப்படுவதுபோல.

சுந்தரி எழுந்து நேராக மேடைக்குப் போனாள். அத்தான் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எங்கப்பா படம் எங்க?"

"அதான் புத்தகத்துல இருக்கே, பாக்கலியா? எப்படி வந்திருக்காரு பாத்தியா!"

"இது வேணாம். நான் குடுத்த படம்."

"அந்தப் படத்து மேலதாம்மா வரைஞ்சது. வாயைத் திறந்துகிட்டு, பல்லு வேற இல்லாம, அசிங்கமா இருந்துச்சு. நாளைக்குப் பேரப்புள்ளைங்க பாக்க வேண்டாமா? நல்ல ஓவியர். ஒரு பைசா நீ குடுக்க வேண்டாம்."

சுந்தரிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா போனதுலேர்ந்து அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் வயலுக்குப் போவேன்" என்றாள். "முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்து போவுதுண்ணே. அதுல பாத்துத்தான் ஞாபகப்படுத்திக்குவேன். இனிமே எதுல பாப்பேன்?"

நாதஸ்வரக்காரர்கள்கூட வாத்தியத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அத்தான் மட்டும், "இவ எப்பவும் இப்படித்தான், உணர்ச்சிவசப்படுவா" என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்.

அப்போது இரண்டாம் வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மலரைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கம்பை ஊன்றி எழுந்தார். சேக் அலாவுதீன்தான். எழுபத்தைந்து வயது.

"தம்பி பஞ்சநாதன், இது என் கைதானே?" என்று அந்த நான்கு விரலைத் தொட்டுக் காட்டினார். "நான் இன்னும் ஹயாத்தோட, உசுரோடதான் இருக்கேன். அதுக்குள்ள என்னைத் தூணாக்கிட்டீங்களே."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சுந்தரியிடம் போய்க் குனிந்தார்.

"அழுவாதேம்மா. படக்காரன் அன்னிக்கு ரெண்டு படம் போட்டான். உங்கப்பன் ஒண்ணு, நான் ஒண்ணு. என் பெட்டியில கிடக்கு. சாப்பாடு போடறதுக்குள்ள வந்துடறேன்."

ரிக்‌ஷாவில் போனார். மண்டபத்தில் பாதிப் பேர் இலைக்கு உட்காராமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணியில் திரும்பினார். துணியில் சுற்றிக் கொண்டுவந்த படத்தை சுந்தரி கையில் வைத்தார். ஓரம் பழுப்பேறியிருந்தது. சித்தப்பா அதே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மாமா இப்புடிச் சிரிக்கிறாரு? கடைசி வரைக்கும் எங்கிட்ட அவரு சொல்லவே இல்ல" என்று கேட்டாள் சுந்தரி.

"படக்காரன்கிட்ட ஒரே ஒரு கோட்டுதான் இருந்துச்சு. நான் போடுறேன்னு நான், நான் போடுறேன்னு அவரு. கடைசியில ஆளுக்கு ஒரு கையை விட்டுக்கிட்டோம். பாரு, நடுவுல பொத்தான் போட்டிருக்கு. 'அசையாதீங்க'ன்னு படக்காரன் கேமராவோட கறுப்பு முக்காட்டுக்குள்ள போனான். உங்கப்பன் என் காதுல வந்து, 'ராவுத்தரே, இப்ப ஒண்ணுக்கு வந்தா எப்புடிப் போறது'ன்னாரு."

அவ்வளவுதான். பந்தி மறந்து போயிற்று. ஆளாளுக்குச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். மாயவரத்திலிருந்து வந்திருந்த தியாகராசன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தம் சம்பந்தி பக்கத்தில் நிற்பதையும் மறந்து, "மூணு தடவை என்னை வைக்கோலுக்குள்ள வச்சு வூட்ல கொண்டாந்து விட்டாரு. ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ பல் சந்தில் சீட்டியடிப்பது போல அடித்துக் காட்டினார்கள். சுந்தரி சிரித்துக்கொண்டே அழுதாள். மலர்ப் பிரதிகள் நாற்காலிகளில் கிடந்தன. ஈரமான இடத்தில் சிலர் அவற்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தான்? நியாயமாகப் பார்த்தால் அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இனத்துக்கு அது வருவதில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து, கழுத்து மாலையைச் சற்று ஒதுக்கி, படத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"அருமையான ஆவணம். இத்தனை நாளா ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு வாரம் குடுங்க. இரண்டாம் பதிப்புல சேத்துடறேன்."

அலாவுதீன் படத்தைத் துணியில் சுற்றினார். "வேணாம் தம்பி. இந்தத் தடவை அவரு தூணாயிடுவாரு."

மறுநாளே சுந்தரியும் அல்லியும் அவரிடம் படத்தை வாங்கி ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், பிரதி எடுத்து முடிக்கும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அசலை அலாவுதீன் வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். கோட்டும் புத்தகமுமாக வரைந்த படம் தருமபுரத்து வீட்டுக் கூடத்தில் பெரிய சட்டத்துக்குள் தொங்குகிறது. போன மாதம் நான் போயிருந்தபோது, அத்தான் யாரோ ஒரு வங்கி மேலாளரிடம், "எங்க சித்தப்பா. பெரிய படிப்பாளி. எம்மேல உயிரா இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு உங்கள் மாமா ஞாபகம் வரும். பெரியப்பா ஞாபகம் வரும். "அப்படியே அவரேதான்" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, உங்கள் அம்மா உங்கள் அப்பாவைப் பற்றி ஏதோ பழைய கதையொன்றைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்களே, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்காங்க, அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று பாதியில் நிறுத்தியது யார்?