வழுக்காத டயரும் வியர்த்த தீர்மானமும்

வடக்கு ஃபின்லாந்தில் எங்கள் ஊர் நகராட்சி பொதுமக்கள் நலனில் மிகுந்த அக்கறை கொண்டது. எந்த முடிவானாலும் உறுப்பினர்கள் சௌனா என்கிற ஆவிக்குளியல் அறையில் துண்டோடு உட்கார்ந்து, நன்றாக வியர்த்த பிறகே எடுப்பார்கள். வியர்வை சிந்தாத நிர்வாகம் என்று எவனும் பேச முடியாது.

ரைலி நகராட்சி நர்ஸ். வீடு வீடாக சைக்கிளில் போய் ஊசி போடுபவள். உறைந்த ஆற்றுக்கு அக்கரையில் சர்க்கரை நோயாளிகள் அவளுக்காகக் காத்துக் கிடப்பார்கள். அவள் விழுந்தால் அவர்களுக்கு ஊசி கிடையாது. போன பனிக்காலம் முழுக்க விழுந்துகொண்டேதான் இருந்தாள், பாவம். கடைசியில் ஆவிக்குளியல் அறை வாசலில் வந்து நின்றாள். ஆண்கள் குளிக்கும்போது பெண்கள் உள்ளே போகக் கூடாதே.

"தலைவரே, ரோடெல்லாம் ஐஸ்! ஆணி பதிச்ச டயர் குடுங்க!"

தலைவர் உர்போ உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "ஐஸா? இங்க வேர்த்துக் கொட்டுதேம்மா! மொதல்ல கதவச் சாத்து, சூடு போயிரும்."

ஆனாலும் நியாயமான மனிதர். டயர்களைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். பனியில் சோதித்தால் அதிகாரிகள் விழுந்து தொலைப்பார்கள் என்பதால், சோதனை ஜூலை மாதம் நடந்தது. ஆணி டயர் தார் ரோட்டில் கடகடவென்று சத்தம் போட்டது. நிராகரிக்கப்பட்டது. ஆணியே இல்லாத தடித்த டயர் ஃபோட்டோவில் எடுப்பாக இருந்தது. அதுவே தேர்வானது.

"இது வழுக்கும் தலைவரே!"

"ஜூலைல எவனாவது வழுக்கி விழுந்தான்னு காட்டு பாப்போம்!"

ஃபோட்டோ பத்திரிகையில் வந்ததுதான் தாமதம், ஊரே அந்தத் தடி டயரை மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரன் மாட்டிய பிறகு நான் சும்மா இருந்தால் மானம் என்ன ஆவது? ஆணி டயர்க்காரர்களைப் பார்த்து, "என்னய்யா, குதிரைக்கு லாடமா?" என்று கேலி வேறு செய்தோம்.

முதல் பனியிலேயே ஆஸ்பத்திரி நிரம்பிவிட்டது. ஆள் போதாமல் ரைலியையும் வார்டு வேலைக்கு இழுத்துவிட்டார்கள். உர்போ இடுப்புக் கட்டோடு எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்.

"அக்கரைல அவங்க ஊசியில்லாம கெடக்குறாங்க தலைவரே. இங்க வேலை முடிஞ்சதும் நானே போறேன். இப்பவாவது ஆணி டயர் குடுங்க." அவளுக்குக் கண் கலங்கியது.

"ஏம்மா, இந்தப் பனிக்காலத்துல நீ சைக்கிள்ல இருந்து விழுந்தியா?"

"நான் சைக்கிள்ல ஏறவே இல்லியே!"

"விழுந்தியா, இல்லையா? அதச் சொல்லு."

"இல்ல."

"அப்ப நம்ம டயருக்கு வெற்றி! அடுத்த வருஷமும் இதே டயர்தான். ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்கப்பா."

வார்டில் கை முறியாத அத்தனை பேரும் தூக்கினோம். எனக்குக் கால்தான் முறிந்திருந்தது.