ஒரு விநாடிப் பேய்

உலகத் திரைப்பட வரலாற்றை அந்தப் பேய்ப் படத்துக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்தவர், 'தொல்படச் சீரமைப்புக் குழு'வின் தலைவர். படம் எடுத்தவர்களுக்கு இது தெரியாது. பதினொரு நாளில் முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பேயாக நடிக்க வந்தவர் மூன்றாம் நாளே கம்பி நீட்டிவிட, உயரம் ஒத்துவருகிறது என்று லைட்மேன் தலையில் வெள்ளைப் போர்வையைப் போட்டார்கள். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. ஆனால் கிணற்றடிக் காட்சியில் காற்றடித்துப் போர்வை விலக, ஒரு விநாடி அவர் முகம் தெரியும். அவருடைய திரையுலக வாழ்க்கை அந்த ஒரு விநாடிதான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், தான் பத்திரமாக வைத்திருந்த படத்தின் வீடியோ கேசட்டை அந்த இடத்தில் நிறுத்திக் காட்டுவார். மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி அதுதான் என்று கண்டுபிடித்த குழு, சால்வை போர்த்திவிட்டு கேசட்டை வாங்கிப்போனது.

கேசட் போன நேரம் பார்த்து மகளுக்குக் கல்யாணமாகி, சம்பந்தி வந்து சேர்ந்தார். "எங்க சம்பந்தி சினிமா நடிகராம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்த 'ராம்' ஒரு முழம் நீண்டது.

ஓராண்டு கழித்து, புது டிஸ்க்குடன் தலைவரே வீடு தேடி வந்தார். லைட்மேன் சம்பந்தியை வரவழைத்து டிவிக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்.

பேய் பறந்தது. முதுகில் கயிறு பளிச்சென்று தெரிந்தது.

"கயிற அழிச்சிருக்கலாமே?" என்றார் சம்பந்தி.

"அது கயிறு இல்லீங்க. விதி," என்றார் தலைவர்.

"பேய் கையில வாட்ச் கட்டியிருக்கே?"

"காலம்."

"சரி, ஏன் நொண்டுது?"

"ஆணி குத்திருச்சு சம்பந்தி," என்றார் லைட்மேன்.

"காயம்பட்ட சமூகம்," என்று தலைவர் திருத்தினார்.

கிணற்றடி வந்தது. லைட்மேன் நாற்காலி நுனிக்கு வந்தார். "இப்பப் பாருங்க சம்பந்தி. கண்ணச் சிமிட்டிராதீங்க."

காற்றடித்தது. போர்வை விலகியது. உள்ளே இருட்டு, மிகத் துல்லியமான, தரமான இருட்டு.

"எங்க?" என்றார் சம்பந்தி.

லைட்மேன் தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, இந்த எடத்துல என் மூஞ்சி இருந்துச்சு."

"அது நீங்களா? மொத்தப் படத்துலயும் இருந்த ஒரே பிழைங்க அது. பேய்க்கு ஏது முகம்? பன்னெண்டு பேர் உக்காந்து ஒரு மத்தியானம் பூரா தொடச்சோம்."

"பழைய கேசட்டு?"

"பூசணம் புடிச்சிருந்துது. முறைப்படி அப்புறப்படுத்திட்டோம்."

சம்பந்தி எழுந்து லைட்மேனின் தோளைத் தட்டினார். "விடுங்க சம்பந்தி. கயிறு நல்லா நடிச்சிருந்துது."

குழுவின் சாதனையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஈரம், எலி, பூசணம் எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டு வருஷம் முயன்றும் அழிக்க முடியாத ஒரு மனிதரை, ஒரே மத்தியானத்தில் அழித்துக் காட்டியவர்கள் அவர்கள்.