பச்சை மையில் ஒரு நீச்சல்

திங்கட்கிழமை காலை சென்னையில் பயிற்சிக்குச் சேர வேண்டும். நெட் சென்டரில் எடுத்து வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நாதியா வெள்ளிக்கிழமை மாலைதான் படித்தாள். நீந்தத் தெரியும் என்று பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் சான்று தர வேண்டுமாம். இல்லையென்றால் ஆய்வுக் கப்பலில் அவள் இடம் அடுத்த மாணவருக்கு.

"மூணு வருசமா கடலைத்தானே படிக்கே? நீச்சல் தெரியாதா?" என்றார் அத்தா ஜாபர் சாதிக்.

அலையின் உயரத்தைக் கணக்கிடத் தெரியும். பழகிய ஆழம் என்னவோ குளியலறை அண்டாதான்.

சனிக்கிழமை ஆனைக்குட்டம் அணைக்குப் போனார்கள். உள்ளே ஆடு மேய்ந்தது. வெம்பக்கோட்டையில் தண்ணீர் இருந்தது. அதில் பாதி ஊர் ஆம்பளைகளும் இருந்தார்கள். அத்தா வண்டியைத் திருப்பினார்.

"பட்டாசுக் கம்பெனியில தீயணைக்கத் தொட்டி இருக்கும்ல?" என்று பழக்கமான போர்மேன் சங்கிலிமுத்துவைப் பிடித்தார். ஞாயிறு விடுமுறை, ஆள் இருக்காது.

மறுநாள் காலை போனபோது தொட்டியில் காய்ந்த வேப்பிலையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன.

"தண்ணி எங்கப்பா?"

"மழை பெஞ்சா நெறையும் பாய்."

இரண்டு லாரித் தண்ணீர் வந்தது. சங்கிலிமுத்து கூட்டி வந்திருந்த, பட்டாசுத் திரி வெட்டும் அய்யம்மாள் கிணற்றில் நீந்தி வளர்ந்தவள். கற்றுக்கொடுக்க அவள் இறங்கினாள்.

"என் களுத்தை விடு தாயி. நான் மூச்சு விட வேணாமா?"

நாதியா விடவில்லை. மார்பளவுத் தண்ணீர்தான், கால் தரையில்தான் இருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் தான்தானா என்பதில்தான் சந்தேகம் வந்துவிட்டது.

விடுமுறை நாளில் உள்ளே லாரி போகிறது, திருட்டு வேலை நடக்கிறது என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். ஜீப் வந்து நின்றது. வருடா வருடம் கம்பெனிக்குப் பாதுகாப்பு ஆய்வுக்கு வரும் அதிகாரி இறங்கினார்.

"உங்க புள்ள கப்பல் ஏறுறதுக்குள்ள எங்க லைசென்ஸ் முங்கிருச்சு பாய்," என்றார் சங்கிலிமுத்து.

அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்தார். சுடிதாரோடு நனைந்து நின்றவளைப் பார்த்தார். அத்தா பதறிப்போய்க் கடிதத்தை நீட்டினார். நிதானமாகப் படித்துவிட்டு, அவர் பச்சை மைப் பேனாவை எடுத்து நீச்சல் சான்றுக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாதியாவால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், நான் நீந்துறதை நீங்க பார்க்கவே இல்லையே."

அதிகாரி பேனாவை மூடினார்.

"ஏழு வருசமா இந்தத் தொட்டி நெறையத் தண்ணி இருக்குன்னு எழுதிக் குடுக்கேன் பாப்பா. இன்னைக்குத்தான் பார்க்கேன்."