ரீலுக்கும் ராடுக்கும் பொருத்தம் பார்த்தவன்

கடவுள் பிடிவாதத்தைப் படியால் அளந்து ஊருக்குக் கொடுத்தபோது, எங்கள் தெரு ரீலு மட்டும் மூட்டையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்பன் வைத்த பெயர் வேறு. ஆள் செய்யாறு கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வந்தால் மத்தியானம் வரைக்கும் ஏரிக்கரைதான். ஒருநாள், கை நீள விரால் ஒன்று தூண்டிலை அறுத்துக்கொண்டு போய்விட்டதாக பஸ்ஸில் சொன்னான். "ரீல் விடாதண்ணா" என்று பஸ்ஸே சிரித்தது. அடுத்த வாரம் கூரியரில் நிஜமாகவே ஒரு ரீல் வந்து இறங்கியது, தூண்டில் நூல் சுற்றுகிற உருளை. அன்றிலிருந்து இரண்டு அர்த்தத்திலும் அவன் ரீலு.

பொய்யன் என்ற பெயர் அவனைச் சுட்டுவிட்டது. தெரு நடுவில் நின்று உள்ளங்கையை விரித்தான். உள்ளே, மீனை ஏமாற்றக் கொக்கி வைத்த ஒரு ரப்பர் தவளை.

"கொலுசு மணி எடைதான் இது. இத்த வீசி விரால் புடிச்சி இந்தத் தெருவுக்கே காட்டறேன். அதுவரிக்கும் மீன் கொழம்பு தொடமாட்டேன்."

மீன் குழம்பு வைக்காத ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை என்றே ஒத்துக்கொள்ளாத மனுஷன் அவன்.

சபதம் போட்டாகிவிட்டது, தவளைதான் போகவில்லை. ரீல் கனம். அதை மாட்டிய ராடு, அதான் தூண்டில் கம்பு, விறகுக்கட்டை மாதிரி விறைப்பு. வீசினால் தவளை காலடியிலேயே விழுந்தது. ரீலின் திருகைத் தளர்த்திவிட்டு வீசினால் உருளை வெறிபிடித்துச் சுற்றி, நூலெல்லாம் தேங்காய் நார் போலப் பிதுங்கியது.

விடுவானா? கொக்கியைக் கழற்றிவிட்டு, தெருக்கோடியில் ஒரு பக்கெட்டை வைத்துக் குறி பார்க்க ஆரம்பித்தான். முதல் வாரம் தவளை என் இட்லி மாவில் விழுந்தது. இரண்டாவது வாரம் எதிர்வீட்டுத் துணிக்கொடியில் சுற்றிக்கொண்டது. இவன் இழுத்த இழுப்பில் கொடி அறுந்து ஆறு வேட்டியும் மண்ணில் கிடந்தது.

"ஆறு மாட்டிகிச்சே ரீலு! ஒண்ணுத்துக்கும் செதிள் இல்லியே!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ரீலுவின் சம்சாரம் செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கனத்த ரீலைத் தள்ளிவிட்டு, ஊதினால் சுற்றுகிற ரீல் ஒன்று வாங்கினான். அப்போதும் முகம் சரியில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"ரீலு தங்கமானதுக்கா. ராடுதான் அதுக்குப் பொருத்தமா இல்ல."

"ஏன், செவ்வாய் தோஷமா?"

"சிரிக்காதக்கா. இத்தனூண்டு எடைக்கே நுனி வளையணும். வளைஞ்சாதான் அது நிமிரும்போது தவளையத் தூக்கி எறியும்."

உள்ளேயிருந்து செல்வி, "எங்க கல்யாணத்துக்கு ரெண்டே பொருத்தந்தான் பாத்தாங்க யக்கா. இதுக்குப் பன்னண்டு பாத்துகினு கீறாரு!" என்றாள்.

சிக்கு விழுந்தால் என்னிடம்தான் கொண்டுவருவான். பட்டு நூலில் சிக்கெடுக்கிற கை இது. கத்தரிக்கோலைத் தொட்டால் எனக்குக் கோபம் வரும். ஒருநாள் சிக்கெடுத்து முடித்துவிட்டு உருளையைப் பார்த்தேன்.

"ஏண்டா, வாய் வரிக்கும் நூலச் சுத்தி வெச்சிகினு கீறியே! எங்க ராட்டையில பாரு. பட்டு நூலு மாட்டின மூங்கில் கூண்டு கனமா இருந்தா, ராட்டை நின்னாலும் அது நிக்காது. சுத்திகினே இருக்கும், நூலு வழிஞ்சி சிக்காப்பூடும். மெலிசு நூலாப் போடு. அதுலயும் பாதி போடு."

அவன் வாயைப் பிளந்தான். "போன் வீடியோவுல ஒருத்தன் இத்தத்தான்க்கா அரமணி நேரம் இங்கிலீஷ்ல பேசினான்."

நுனி வளைகிற ராடு வந்தது. நூல் பாதியானது. தவளை காற்றில் மிதந்து போய் பக்கெட்டில் 'டொக்' என்று விழுந்தது.

மழை விட்ட ஒரு காலையில் வாசலில் வந்து நின்றான். "சாட்சிக்கு நீ வாக்கா. நீ சொன்னா நம்புவாங்க." வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

ஏரியில் ஒரு இடத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொப்பளித்தது. அதை ஒட்டித் தவளையை வீசினான். தண்ணீர் வெடித்தது. ராடு வில்லாக வளைந்தது. இவனும் வளைந்தான். கடைசியில் கரையில் கிடந்தது விரால், என் முழங்கையைத் தாண்டி நாலு விரல் நீளம்.

"போட்டோ எடுக்கா, ஜல்தி!" என்று போனைக் கையில் திணித்தான். அவன் காட்டிய வட்டத்தைச் சரியாகத்தான் அமுக்கினேன்.

அதற்குள் அவன் தண்ணீரைப் பார்த்துவிட்டான். அந்தச் சிவப்பு அத்தனையும் விரால் குஞ்சுகள். காவலுக்கு நின்ற மீன் போனதும் போக்குத் தெரியாமல் அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தான், கொஞ்ச நேரம் குஞ்சைப் பார்த்தான். எத்தனையோ மாசத்து ரசச் சோறு அவன் முகத்தில் தெரிந்தது. கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் இறக்கினான்.

"போ, பேஜாரு புடிச்சவளே. புள்ளைங்களப் பாரு."

வீட்டில் போனைத் திறந்தால் என் மூக்கு. மூக்குத்தி நன்றாகவே விழுந்திருந்தது. போன் எந்தப் பக்கம் பார்க்கும் என்று அவன் எனக்குச் சொல்லவில்லை.

"புடிச்சேன், வுட்டுட்டேன்" என்றான் செல்வியிடம்.

"வுட்ட மீனுல கொழம்பு வெக்க முடியாதுங்க."

"வெக்காத. தெருவுக்குக் காட்டறேன்னுதானே சொன்னேன்? இன்னும் காட்டல" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் குழாயடியில் ஒரே கும்மாளம். "ரீலு மூக்குத்தி புடிச்சிட்டானாமே!" ரீலு குடத்தைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். நான் படியிறங்கிப் போனேன். இந்தத் தெருவில் நான் பொய் சொன்னதாக ஒருத்தரும் சொல்ல முடியாது.

"நான் பாத்தேன். அவன் புடிச்சான்."

சிரிப்பு அடங்கியது. "அப்டியா? எவ்ளோ நீளம் இருந்துதுங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

இரண்டு கையையும் விரித்தேன். அவை பாட்டுக்கு விரிந்துகொண்டே போயின. நானும் தடுக்கவில்லை.